முதல் பிள்ளை சிசேரியன், இரண்டாவதுக்கு?

கேரளத்து மலையூரான வண்டிப்பெரியாறில் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் என் தங்கைக்கு முதல் பிள்ளை சிசேரியன். இப்போது மறுபடி ஏழு மாதம். "ஒரு தடவை வயிற்றைக் கிழித்தால் அடுத்ததுக்கும் கிழிக்கத்தான் வேண்டும்" என்று லயத்துப் பெண்கள் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9, கேரளத்தில் 38.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதனால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்தக் கேள்வி எத்தனையோ வீடுகளில் இருக்கும்.

வழி இரண்டு: நார்மலுக்கு முயல்வது, இல்லையென்றால் தேதி குறித்து மறுபடி சிசேரியன். முதலில், நார்மலுக்கு முயல்வது. அப்படி முயல்பவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிவிடுகிறது. பயம் ஒன்றுதான்: வலி வரும்போது கர்ப்பப்பையின் பழைய தையல் பிரிந்துவிடலாம். கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் சுமார் 200 பேரில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் ஆபத்து பல மடங்கு, அவர்களுக்கு மறுபடி சிசேரியன்தான். வயிற்றில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. தங்கையின் பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடினோம். தகரப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில், மழை ஈரம் பட்டு ஓரம் பழுத்துக் கிடந்தது. கீழ்ப்பகுதி, குறுக்கு வெட்டு. பிள்ளைக்கும் மூன்று வயது முடிந்துவிட்டது. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே 18 மாதம்கூட இல்லையென்றால் தையல் பிரியும் ஆபத்து கூடும்.

தேதி குறித்துச் செய்யும் சிசேரியன் பெரும்பாலும் 39-வது வாரத்தில். நடுராத்திரி வலி, ஜீப் தேடி ஓடுவது எதுவும் இருக்காது. ஆனால் போன தடவை அவள் பட்டதை நான் கூட இருந்து பார்த்தேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டுதான் இருமுவாள். லயத்துப் படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்து ஏறுவாள். தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை. அப்புறம், ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடிவிடும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் ரத்தப்போக்கு கடுமையாக இருக்கும், சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். மூன்றாவது பிள்ளை ஆசை இருப்பவர்கள் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அவள் உடம்புக்கு நார்மல் முயற்சிதான் சரி. ஆனால் லயத்தில் உட்கார்ந்துகொண்டு வலிக்குக் காத்திருக்கக் கூடாது. தையல் பிரிந்தால் நிமிடக் கணக்கில் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். மார்கழியில் குமுளி மலைப்பாதை வளைவுகளில் பனி, ஐயப்ப பக்தர்கள் வண்டி நெரிசல். கோட்டயம் இன்னும் தூரம். எந்நேரமும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க முடியாதவர்களுக்கு, தேதி குறித்த சிசேரியன்தான் பத்திரம்.

37-வது வாரம் தேனியில் அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வலி தானாக எடுத்தால் நார்மலுக்குப் பார்ப்பது, தேதி தாண்டினால் டாக்டரிடம் பேசி முடிவெடுப்பது. மாப்பிள்ளை ஜீப்புக்குச் சொல்லிவிட்டார்.