டச் பேனலா, புரொஜெக்டரா, டிவியா? வகுப்பறைக்கு வாங்கும் முன்

பல்லடம் பக்கம் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்களிடம் படித்துவிட்டு இன்று திருப்பூரில் பனியன் கம்பெனி, தறிக்குடோன் என்று நன்றாக இருக்கும் பழைய மாணவர்கள் ஒன்று சேர்ந்து, "ஸ்மார்ட் கிளாஸ் போடுங்க சார்" என்று இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகை கொடுத்தார்கள். எதை வாங்குவது என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. கடைசியில் 65 அங்குல சாதாரண டிவி மூன்று வாங்கி 8, 9, 10 வகுப்புகளில் மாட்டினோம். விரலால் தொட்டு எழுதும் பெரிய திரையான டச் பேனல் வாங்கவில்லை, புரொஜெக்டரும் வாங்கவில்லை. இதே கேள்வியோடு பல பள்ளிகளில் இருந்து கேட்கிறார்கள். அதனால் நான் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

படத்தின் தெளிவு, நிறம், சத்தம் இதைப் பற்றியெல்லாம் அதிகம் பேசத் தேவையில்லை. மூன்று சாதனங்களிலுமே அவை வகுப்புக்குப் போதும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலைதான் வரும். அன்றைக்கு மூன்றுமே சும்மாதான் இருக்கும்.

புரொஜெக்டரின் பலம் பெரிய படம். நூறு அங்குலத்துக்கு மேலும் விரியும். இன்னொரு நல்ல விஷயம், படத்தை வெள்ளைப் பலகை மேலேயே விழவைத்து மார்க்கரால் எழுதலாம். இதயத்தின் படத்தை விழவைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக வரச்சொல்லி அறைகளுக்குப் பெயர் எழுத வைத்தால் பாடம் அப்படியே பதியும். இதற்காகவே எனக்குப் புரொஜெக்டர் மேல் ஆசை இருந்தது.

ஆனால் எங்கள் ஊருக்கு அது ஒத்துவரவில்லை. சாதாரண விலைக்குக் கிடைக்கும் புரொஜெக்டரில் படம் தெரிய அறை இருட்டாக வேண்டும். எங்கள் அறைகளில் இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல்கள். பங்குனி மாதத்தில் அதையெல்லாம் அடைத்துவிட்டு நாற்பது பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்தால் பாடமா மண்டையில் ஏறும்? ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். கூடவே தறிக்குடோன்களில் இருந்து பறக்கும் பஞ்சுத் தூசு. புரொஜெக்டரின் காற்று வடிகட்டியை அடிக்கடி கழற்றித் தட்டாவிட்டால் உள்ளே சூடு ஏறித் தானாக நின்றுவிடும். விளக்கு வைத்த மாடல்களில் விளக்கின் ஆயுள் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 மணி நேரம். விளக்கை அணைத்த பிறகும் விசிறி சிறிது நேரம் ஓடி உள்சூட்டை வெளியேற்ற வேண்டும். திடீரென்று கரண்ட் போனால் விசிறியும் நின்றுவிடும், விளக்குக்குத்தான் கேடு. லேசர் மாடல்களுக்கு 20,000 மணி நேரம் வரை சொல்கிறார்கள், விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. லேசர் மாடலை நான் வகுப்பில் வைத்துப் பார்த்ததில்லை, கடையில் பார்த்ததோடு சரி.

அடுத்து டச் பேனல். பழைய மாணவர்கள் மனதில் இருந்தது இதுதான். அதன் அருமையை நான் மறுக்கவே மாட்டேன். படத்தின் மேல் விரலால் எழுதலாம், கதிர்ப்படத்தை இழுத்து வளைக்கலாம், எழுதியதைச் சேமித்து மறுநாள் அதே இடத்தில் தொடரலாம். கணக்கு டீச்சர் வடிவியலுக்கு இதைவிட வேறு வேண்டாம் என்றார். பயிற்சி முகாம்களிலும் பக்கத்துப் பள்ளியிலும் நான் அதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். தினமும் அதை வைத்துப் பாடம் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு ஆசிரியர்கள் என் கருத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

விலையில்தான் முதல் சிக்கல். எங்களுக்கு வந்த கொட்டேஷன்களின்படி ஒரு 75 அங்குலப் பேனலை, அதை மாட்டும் செலவோடு சேர்த்து வாங்கினால், கிட்டத்தட்ட மொத்தப் பணமும் காலி. அப்போது பேனல் ஒரே அறையில்தான் இருக்கும். அந்த அறைக்கு ஸ்மார்ட் ரூம் என்று பெயர் வைத்து, நேர அட்டவணை போட்டு, ஒவ்வொரு வகுப்பையும் வரிசையாக அழைத்துப் போக வேண்டும். 45 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் நடையிலும் இடம் பிடிப்பதிலும் போய்விடும். இரண்டு நிமிட வீடியோவுக்காக எந்த ஆசிரியரும் அந்தச் சிரமத்தை எடுக்க மாட்டார். சொந்த வகுப்பறைச் சுவரில் இருந்தால்தான் பாடத்தின் நடுவே சட்டென்று போட்டுக் காட்டுவார்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது விலை அல்ல, ரிப்பேர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்தில் கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோ மோட்டார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் என்றல்ல. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகினால் இங்கே கட்டித் தர ஆள் இருக்கிறதா என்பதைத்தான். தண்ணீர் இரண்டு நாள் நின்றால் பயிர் வாடிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். வகுப்பறைச் சாதனத்துக்கும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். ஆசிரியர்களின் நம்பிக்கையும் அப்படிச் சீக்கிரம் வாடக்கூடியது. ஐம்பத்தைந்து வயதுத் தமிழய்யா தயங்கித் தயங்கி ஒரு நாள் திரையைப் போட்டுப் பாடம் நடத்துகிறார் என்று வையுங்கள். அடுத்த வாரம் அது வேலை செய்யவில்லை, சரிசெய்ய ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் அவர் சாக்பீஸுக்குத் திரும்பிவிடுவார். அது சரியான பிறகும் தொடமாட்டார். அவர் மேல் குற்றமில்லை. நாற்பது பேர் முன்னால் நின்று, வராத படத்துக்காகக் காத்திருப்பது எவ்வளவு சங்கடம் என்று வகுப்பில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

பேனலில் என்னென்ன கெடும்? பெரும்பாலான பேனல்களில் தொடுதலைக் கண்டுபிடிப்பது சட்டத்தைச் சுற்றி ஓடும் அகச்சிவப்புக் கதிர்கள். அந்தச் சட்டத்தின் இடுக்கில் சாக்பீஸ் தூள் படிந்தாலோ, ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலோ, தொடாத இடத்தில் கோடு விழும், தொட்ட இடத்தில் விழாது. தூளைத் துடைத்தால் பல சமயம் சரியாகிவிடும். சட்டமோ மெயின் போர்டோ போய்விட்டால் கம்பெனி ஆள்தான் வரவேண்டும், பாகமும் அந்தக் கம்பெனியிலிருந்தே வரவேண்டும். பக்கத்துப் பள்ளியில் ஒரு பேனலின் டச் போய், அதன் பிறகு அதை வெறும் டிவியாகத்தான் ஓட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டும் சில வருடத்தில் பழையதாகிவிடும், புதிய செயலிகள் அதில் ஏற மறுக்கும். தனிக் கணினிப் பெட்டியைச் செருகும் இடம் பேனலில் இருந்தால் அதற்கு ஒரு வழி உண்டு, அதற்கும் பணம் வேண்டும்.

பல்லடத்தில் எனக்குப் பழக்கமான டிவி மெக்கானிக்கிடம் கேட்டேன். "பேக்லைட் போனா பட்டை வாங்கி ரெண்டு நாள்ல போட்டுத் தந்தர்றேனுங்க சார். பவர் போர்டுனாலும் பார்த்தர்லாம். அந்த டச் போர்டு மட்டும் எங்கிட்டக் கொண்டுவராதீங்க, பார்ட்ஸ் கிடைக்காதுங்க" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எல்இடி டிவியில் அடிக்கடி போவது திரைக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் அந்த பேக்லைட் பட்டைதான், அதைச் சரிசெய்யச் சில ஆயிரம்தான் ஆகும். திரையே உடைந்தால் மட்டும் கதை முடிந்தது, புதிது வாங்குவதே மேல். ஆனால் பேனலின் திரைக்கு டிவியைவிட உறுதியான கெட்டிக் கண்ணாடி உண்டு. எனவே பிள்ளைகள் பந்து விளையாடும் பக்கத்து அறையில் டிவியைத் தாழ்வாக மாட்டாதீர்கள்.

டிவிக்கு இன்னொரு பலமும் உண்டு. ரிமோட் எல்லோருக்கும் வீட்டில் பழகியது. அதற்கென்று தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. அதைத் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ வரும். 2023-ல் கல்வித்துறை கொண்டுவந்த மணற்கேணி செயலியிலும் அசைபடப் பாடங்கள் உள்ளன. இணையத்தை நம்பாமல், கிடைக்கிற வீடியோக்களை முன்கூட்டியே பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்கிறோம். தமிழய்யா கீழடி அகழாய்வுப் படங்களைத் தாமே சேர்த்து ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறார், பாடத்துக்குத் தேவைப்படும்போது அவரே போடுகிறார். பவர்பாயின்ட் டிவியில் நேரடியாகத் திறக்காது. ஸ்லைடுகளைப் படங்களாகச் சேமித்துவிட்டால் ரிமோட்டின் அம்புக்குறியிலேயே ஒவ்வொன்றாகத் தள்ளலாம். யூடியூபை நேராக டிவியில் ஓட்டினால் பாடத்தின் நடுவே விளம்பரம் வரும், பிள்ளைகளின் கவனம் அதோடு போய்விடும்.

எழுத முடியாதே என்று கேட்பார்கள். கரும்பலகையை எடுக்காமல் அதன் பக்கத்திலேயே டிவியை மாட்டினோம். படம் அங்கே, எழுத்து இங்கே. எனக்கு இதில் குறை தெரியவில்லை.

டிவியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பல கம்பெனிகளின் வாரண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். பள்ளிக்கு என்று பில் போட்டால் செல்லுமா என்று வாரண்டி அட்டையைப் படித்துவிட்டு, கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப் இணைக்கிறவர்கள் தினமும் எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிச் செருகினால் டிவியின் சாக்கெட் தளர்ந்துவிடும். ஒரு சிறிய நீட்சிக் கேபிளை நிரந்தரமாகச் செருகி விட்டுவிடுங்கள், தேய்ந்தால் அதுதான் தேயும். தறி ஓடும் ஊர்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் கட்டாயம். கோடை விடுமுறையில் இடிமழை வரும், பிளக்கைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

அளவு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடைசி பெஞ்சுக்கும் திரைக்கும் உள்ள தூரம் திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்குக்குள் இருந்தால் எழுத்து படிக்கும்படி இருக்கும் என்பது பொதுவான கணக்கு. 65 அங்குல டிவியின் உயரம் சுமார் 32 அங்குலம், அதன்படி 16 அடி வரை வரும். 55 அங்குலம் என்றால் பதின்மூன்றரை அடிதான். எங்கள் அறைகள் இருபதடி. கடைசி பெஞ்சுக்கும் பின்சுவருக்கும் நடுவே உள்ள இடத்தைக் கழித்தால் 65 அங்குலம் கிட்டத்தட்டப் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த மிச்சத்தை இந்த அளவில் போடலாம்.

தொடக்கப்பள்ளிக்கு நான் இதையே சொல்வேனா என்றால், தயங்குவேன். சின்னப் பிள்ளைகள் தொட்டு, இழுத்து, எழுத்தின் மேல் விரல் ஓட்டிக் கற்பதற்குப் பேனல் உண்மையிலேயே உதவும், அந்த வகுப்புகளை நான் எடுத்ததில்லை. கம்பெனி நேரில் வந்து பார்க்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க முடிகிற பள்ளிகளும் பேனலை வாங்கலாம். ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் சரிசெய்வார்கள் என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்களுக்கு இன்னும் 6, 7 வகுப்புகள் பாக்கி. ஆறாம் வகுப்புக்கு இன்னொரு 65 அங்குலம் போதும். ஏழாம் வகுப்பு நடப்பது பழைய ஓட்டுக் கட்டடத்தில், நீளமான அறை. அங்கே 65 அங்குலம் எட்டாது. 75 அங்குல டிவியா, இல்லை ஜன்னல் குறைவான அறை என்பதால் புரொஜெக்டரா என்று எச்செம் (தலைமையாசிரியை) அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.