மிக்ஸ் செய்ய ஹெட்போனா, மானிட்டர் ஸ்பீக்கரா?

ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ மாதிரி இசை மென்பொருளில் டிராக்குகள் எல்லாம் தயார். இனி அவற்றைச் சமப்படுத்தி ஒரே பாட்டாகச் சேர்க்க வேண்டும், அதுதான் மிக்ஸ். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்றால், எது? ஹெட்போனா, ஒலியை உள்ளபடி கேட்க உதவும் மானிட்டர் ஸ்பீக்கரா?

செலவு
ஹெட்போன்: ஒன்று போதும்.
மானிட்டர்: ஜோடியாக வாங்க வேண்டும். ஸ்டாண்ட், கணினியை ஸ்பீக்கரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், அப்புறம் சுவருக்கு ஒலி உறிஞ்சும் பேனல் என்று பட்டியல் நீளும்.

பேஸ்
மானிட்டர்: இந்தத் தாழ்ந்த ஒலியில்தான் சிக்கல். ஸ்பீக்கரோடு அறையையும் சேர்த்தே கேட்கிறோம். எதிரெதிர் சுவர்களுக்கு 10 அடி இடைவெளி என்றால் 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கும். கிக் டிரம் குடியிருக்கும் இடம் அது. சுவரோரம் உட்கார்ந்தால் வீங்கிக் கேட்கும், நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். காணோமே என்று ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) ஏற்றிவிட்டால், காரில் போடும்போது கதவு அதிரும்.
ஹெட்போன்: அறைத் தொல்லையே இல்லை. நெஞ்சில் உணரும் அந்த அதிர்வும் இல்லை.

பேனிங் (எந்த ஒலி இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று வைப்பது)
ஹெட்போன்: இடது சேனல் இடது காதுக்கு மட்டுமே போவதால் எல்லாம் அளவுக்கு மீறி அகலமாகத் தெரியும்.
மானிட்டர்: இரண்டு காதும் இரண்டு ஸ்பீக்கரையும் கேட்கும், குரல் முன்னால் வந்து நிற்கும். இதில் என் ஓட்டு மானிட்டருக்கே.

ராத்திரி வேலை
ஹெட்போன்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

வாடகை வீடு, சின்ன அறை என்றால் ஓபன் பேக் ஹெட்போன் (காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் மூடாதது) வாங்கி, பேனிங்கை மட்டும் சாதாரண ஸ்பீக்கரில் ஒருமுறை சரிபாருங்கள். தனி அறையும் பேனலுக்குப் பணமும் இருந்தால் மானிட்டர்.