பழைய ஐ5 மெஷினும் யாழ்ப்பாணத்து மாரியும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்ததில் இருந்து பலரும் கேட்பது ஒன்றுதான்: அலுவலகங்கள் கழித்துவிட்ட 3ஆம், 4ஆம் தலைமுறை இன்ரெல் ஐ5 புரொசஸர் உள்ள கணினியை, அதாவது மெஷினை, வைத்து இன்னும் காலம் தள்ளலாமா? கனகாலம் பாவித்த அளவில் சொல்கிறேன். வேகத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கோபம் முழுக்க ராம் பூட்டும் அந்த நீட்டுச் சொக்கற்றில்தான்.

வேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். "மெஷின் இழுக்குது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முதல், கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தி டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். சிபியு 10, 15 வீதத்தில் சும்மா கிடக்க, டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் நின்றால் புரொசஸரில் பிழை இல்லை. சுழலும் ஹாட் டிஸ்க் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குப் போய்ப் படிக்க 10, 15 மில்லி செக்கன் எடுக்கும். செக்கனுக்கு ஏறக்குறைய 100 தடவைதான் அதனால் முடியும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை. சுழலும் பாகம் இல்லாத 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றைப் பூட்டி விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், நிமிடக்கணக்கில் நின்ற தொடக்கம் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். வேகம் குறைந்த 3 ஜிகாபிட் சாட்டா சொக்கற் மட்டும் உள்ள பழைய மதர்போட்டிலும் வித்தியாசம் வடிவாகத் தெரியும், ஏனென்றால் மிச்சமாவது கோப்பைத் தேடுகிற நேரம்.

பழைய டிஸ்க்கைப் படங்கள் வைக்க விடுவதென்றால் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். டிஸ்க்கில் பழுதான இடங்களின் கணக்கு அவை. சி5 பூச்சியம் இல்லை என்றால், முதல் வேலை படங்களை வேறிடத்துக்குப் பிரதி எடுப்பது. சோதிக்கிறேன் என்று விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை ஓடவிட்டால் சாகக் கிடக்கிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொல்லி அங்கேயே முடித்துவிடுவீர்கள். தரவு போய்வரும்போது வரும் பிழைகளை எண்ணும் சி7 வரி மட்டும் கூடிக்கொண்டு போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம், மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு இரவும் ஷட் டவுன் செய்தாலும் டாஸ்க் மனேஜரில் அப்டைம் (தொடர்ந்து ஓடிய நேரம்) ஒரு கிழமைக்கு மேல் காட்டும். முழுதாக அணைக்காமல் நிலையைச் சேமித்து வைக்கும் ஃபாஸ்ட் ஸ்ராட்டப் செய்கிற வேலை அது. மெஷின் குழம்பினால் ரீஸ்ராட் கொடுங்கள், அதுதான் உண்மையான புதுத் தொடக்கம்.

இனி ராம். ஐப்பசி மழை பிடித்ததும் இது தொடங்கும். பவர் பட்டனை அமத்தினால் ஃபான் சுத்தும், லைற் எரியும், மொனிற்றர் கறுப்பாகவே இருக்கும். சிலவற்றில் பீப் அடிக்கும், சிலவற்றில் பட்டன் மஞ்சளாக மின்னும். கடையில் "போட் போயிட்டுது", அதாவது மதர்போட் பழுது, என்பார்கள். பெரும்பாலும் போட் போயிருக்காது. ராமின் அடியில் இருக்கும் பொன்முலாம் மிக மெல்லியது. அதன் நுண்ணிய துளைகளால் ஈரம் உள்ளே போய்க் கீழே உள்ள உலோகம் கறுக்கும். குடாநாட்டில் எந்த ஊரில் இருந்தும் கடல் தூரமில்லை, காற்றில் உப்பு எப்போதும் உண்டு. அதற்கு முதலே சோளகத்தில் உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தூசி சொக்கற்றுக்குள் போய் இருந்திருக்கும். மாரியில் அந்தத் தூசி ஈரத்தைக் குடித்ததும் தொடுகை விட்டுப்போகிறது.

திருத்துவது லேசு. பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனை 15 செக்கன் அமத்திப் பிடித்து மிச்சக் கறண்டை வெளியேற்றுங்கள். கேசின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ராமை எடுங்கள். வெள்ளை அழிறப்பரால் பொன் பட்டைகளை நீளவாட்டில் மெதுவாக நாலைந்து தரம் தேயுங்கள். மணல் கலந்த நீல அழிறப்பர் வேண்டாம், முலாமையே உரித்துவிடும். தூளைச் சொக்கற்றுக்கு மேலே வைத்துத் தட்ட வேண்டாம். பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சொக்கற்றைக் கை ஊதியால் ஊதி, தேவையென்றால் கொன்ராக்ற் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ராமைப் பூட்டும்போது இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று தாங்களே மூட வேண்டும். இரண்டு ராம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் பூட்டிப் பாருங்கள்.

வேலை இவ்வளவுதான். அடுத்த ஈரத்துக்குத் திரும்பவும் வரும் என்பதுதான் எரிச்சல். பிள்ளை ஒன்லைன் வகுப்புக்கு இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் திரை கறுக்கும். மாரியில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது மெஷினை ஓடவிட்டால் உள்ளே இருக்கிற சூடு ஈரத்தைக் குறைக்கும். நாள் கணக்காக மூடி வைப்பதுதான் கூடாது.

ராமை மாற்றினால் என்ன என்று கேட்கலாம். 4 ஜிபியில் இருப்பவர்கள் 8க்குக் கட்டாயம் போங்கள், 4 ஜிபி இரண்டாகப் போட்டால் நல்லது. ஆனால் "ஏஎம்டி" என்று சொல்லி மலிவாக விற்கும் 8 ஜிபி டிடிஆர்3 ராம் இன்ரெல் போட்டில் வேலை செய்யாது. வாங்கிவிட்டு போட்டில் பழி போட வேண்டாம்.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது, போட்டில் நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பட்டன் பற்றரி. இடி மின்னலுக்குப் பயந்து இரவில் சுவர் சுவிற்சை நிற்பாட்டுகிறோம், அது சரிதான். ஆனால் சுவரில் கறண்ட் இருக்கும்வரை போட் அந்தப் பற்றரியைத் தொடுவதில்லை. நிற்பாட்டினால்தான் அதில் இருந்து எடுக்கும். பற்றரி 3 வோல்ற்றில் இருந்து 2.7க்குக் கீழே இறங்கினால் நேரம் பின்னுக்குப் போகும், எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பில்லை" என்று வரும். இன்னும் மோசமானது, பயோஸ் (விண்டோஸுக்கு முதல் ஓடும் போட்டின் மென்பொருள்) அமைப்புகள் அழிந்து, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐயில் இருந்து ரெயிட்டுக்கோ ஐடிஇக்கோ மாறிவிடலாம். விண்டோஸ் நீலத்திரை காட்டும். உடனே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள், படங்களும் சேர்ந்து போகின்றன. பயோஸுக்குள் போய் அந்த ஒரு வரியைத் திருப்பி மாற்றினால் போதும். பற்றரியை மாற்றும்போது பெட்டியில் காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள்.

தூசி துடைக்க கராஜ் கொம்பிரசருக்குக் கொண்டு போக வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும். ஊதும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புரொசஸரின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தும் தேர்மல் பேஸ்ற், பத்து வருடம் தாண்டினால் காய்ந்திருக்கும். வெப்பம் 100 பாகையை நெருங்கினால் புரொசஸர் தானாகவே வேகத்தைக் குறைக்கும், அதையும் "பழசாகிவிட்டது" என்கிறார்கள். பழையதைத் துடைத்துவிட்டுப் பயறு அளவு புதியது வைத்தால் போதும்.

விண்டோஸ் 11க்கு 8ஆம் தலைமுறை புரொசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், இந்த மெஷின்களுக்கு அது கிடையாது. விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ற் நன்றாக ஓடும். எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பு வழியாக ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் கிடைக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களைத் திறக்க அந்த எழுத்துருவை மட்டும் நிறுவிக்கொள்ளுங்கள். பிறின்ரர் வேலை செய்யுமா என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு, வாங்கலாமா என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீட்டில் இருப்பதை எஸ்எஸ்டி போட்டு வைத்திருங்கள். புதிதாகக் காசு கொடுத்து இந்தத் தலைமுறையை எடுக்காதீர்கள், 8ஆம் தலைமுறைக்குச் சேர்த்து வையுங்கள். டிடிஆர்4 சொக்கற்றும் இதே உப்புக் காற்றில்தான் நிற்கப் போகிறது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த மாரியில் அழிறப்பரோடு இருந்த மனநிலையில் வேறு பதில் வரவில்லை.

அப்படியும் எடுப்பதென்றால் ஒல்லிப் பெட்டி வேண்டாம், பெரிய ரவர் பெட்டியே எடுங்கள். ஒல்லிப் பெட்டியின் பவர் சப்ளை அதற்கென்றே செய்த அளவு, போனால் தேடி அலைய வேண்டும். கடையிலேயே மூடியைத் திறந்து ராமைக் கழற்றிப் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுத் திரும்பப் போட்டு, பயோஸில் நேரம் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.