டீப் கிளீனிங்: சார்ட் இல்லாம காசு கட்டாதீங்க

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பல் கிளினிக்குகளில் சாதா ஸ்கேலிங்கோடு ‘டீப் கிளீனிங்’ என்றும் ஒன்று உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் இறங்கி, வேரில் படிந்த பற்காரையைச் சுரண்டி எடுப்பார்கள். ‘உடம்பு அழற்சியே குறையும்’ என்பதுதான் விற்பனைப் பேச்சு. சரக்கு நல்ல சரக்குதானுங்க, ஆனால் எல்லா இடத்திலும் அளந்து கொடுப்பதில்லை.

பேச்சில் உண்மை எவ்வளவு? பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம் 3 மி.மீ. வரை இருந்தால் பயமில்லை. 4-ஐத் தாண்டினால் பிரஷ் எட்டாது, போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரி காற்றை விரும்பாத பாக்டீரியா அங்கே குடியேறும். செத்தாலும் அவை சும்மா கிடப்பதில்லை. உடைந்து சிதறும் பாக்டீரியா டி.என்.ஏ.வில், மெத்தில் என்ற சின்ன வேதி ஒட்டு இல்லாத சி-ஜி ஜோடிகள் (அடுத்தடுத்து வரும் சி, ஜி எழுத்துகள்) நிறைய. நம் டி.என்.ஏ.வில் சி-ஜி ஜோடிகளே குறைவு, இருப்பதிலும் பெரும்பாலானவற்றில் மெத்தில் ஒட்டியிருக்கும். எதிர்ப்பு செல்லின் உள்ளறைகளில் காத்திருக்கும் டி.எல்.ஆர்.9 ஏற்பி, இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வந்தது அந்நியச் சரக்கு என்று பிடிக்கிறது. ஜப்பானில் ஷிசுவோ அகிரா குழு 2000-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. பிடித்ததும் டி.என்.எஃப்., ஐ.எல்.-6 என்ற அழற்சித் தூதுப் புரதங்கள் சுரக்கும். ஐ.எல்.-6 கல்லீரலுக்குப் போய், அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி. புரதத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஈறில் கிடக்கும் அழுக்கு ரத்தப் பரிசோதனையில் தெரிவது இப்படித்தான். டி.என்.ஏ. தனியாக இதைச் செய்வதில்லை, பாக்டீரியா வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சும் கூட்டாளி.

நல்ல கிளினிக்கை அடையாளம் காண்பது சுலபம். மி.மீ. கோடு போட்ட கம்பியால் பல்லுக்கு 6 இடம் அளந்து, ரத்தம் கசிவதையும் குறித்து, சார்ட்டைக் கையில் தருவார்கள். எக்ஸ்ரேயில் எலும்பையும் காட்டுவார்கள். பள்ளமே இல்லாதவருக்கு டீப் கிளீனிங் வீண் செலவு.

‘ஒரே நாளில் முழு வாய்’ ஆஃபரை யோசித்து எடுங்க. ஈறைச் சுரண்டும்போது பாக்டீரியாவும் அதன் துண்டுகளும் ரத்தத்தில் கலக்கும். கடுமையான ஈறு நோய்க்காரர்களிடம் 2007-இல் வெளியான ஆய்வில், ஒரே அமர்வில் செய்தபின் 24 மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறியது, ரத்தக் குழாய் விரியும் திறன் இறங்கியது. 6 மாதத்தில் அந்தத் திறன் முன்னைவிட மேம்பட்டிருந்தது. ஆகவே அடுத்த வாரமே ரத்தம் கொடுத்துவிட்டு ‘ஏறிப்போச்சே’ என்று பதறுவதில் அர்த்தமில்லை. ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி.யை (சி.ஆர்.பி.யை நுணுக்கமாக அளக்கும் ரத்தப் பரிசோதனை) 2, 3 மாதம் கழித்துப் பாருங்க. லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் சளி, காய்ச்சல் மாதிரி வேறு தொற்றாக இருக்கலாம், இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுக்கணும்.

‘கிளீனிங் பண்ணுனா பல்லு ஆடும்’ என்பது ஊர்ப்பேச்சு. ஆட்டம் ஏற்கெனவே இருந்ததுதான், காரை சிமெண்ட் மாதிரி பிடித்து வைத்திருந்தது. வீக்கம் வடிந்ததும் இடைவெளி தெரியும், சில வாரம் கூச்சமும் இருக்கும்.

ரத்தம் உறையாத மாத்திரை, செயற்கை இதய வால்வு, சர்க்கரை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்க. 6 முதல் 8 வாரத்தில் மறு அளவு எடுக்கணும், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. அது பேக்கேஜில் சேருமா, தனிக்காசா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்க.