இங்க்ஸ்டிச்ல பஞ்சிங்: சில வருஷம் ஓட்டிப் பாத்ததுல தோணுனது

பல்லடத்துல இருந்து ஒரு அண்ணன் போன் போட்டாருங்க, ஆறு தலை எம்ப்ராய்டரி மெஷின் செகண்ட் ஹேண்ட்ல எடுத்திருக்காரு, பஞ்சிங் (படத்த மெஷின் தைக்கற தையலா மாத்தறது) சாப்ட்வேருக்கு கொட்டேஷன் கேட்டா தலை சுத்துதாம், "நீ என்னமோ ஃப்ரீ சாப்ட்வேர்லயே ஓட்டறியாமா தம்பி, அது நெசமாலுமே வேலைக்கு ஆகுமா"ங்கறாரு. போன்ல சொல்லி முடியல, அதான் எழுதறேன், திருப்பூர் பக்கம் இதே கேள்வியோட இருக்கறவங்களுக்கும் ஆகும்.

விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட், அதுமேல படம் வரையற இங்க்ஸ்கேப், அதுக்குள்ள அந்தப் படத்தத் தையலா மாத்தற இங்க்ஸ்டிச். என்ற யூனிட்ல பஞ்சிங் டேபிள்ல இருக்கறது இவ்வளவுதான். எப்படி ஏத்தறதுன்னு யூட்யூப்ல கெடக்குது, அதுக்குள்ள போகல.

மொதல்ல எரிச்சலச் சொல்லிர்றேன், இன்னிக்குக் காலைல கூட அதுலதான் பொழுது போச்சு. பேராம்ஸ்னு ஒரு விண்டோ இருக்குதுங்க, தையல் எவ்வளவு நெருக்கமா விழோணும், எந்தக் கோணத்துல போகோணும், அடித்தையல் வேணுமா, துணி இழுக்கறதுக்கு எவ்வளவு சேத்து விடோணும், எல்லாமே அங்கதான். அந்த விண்டோ திறந்திருக்கற வரைக்கும் இங்க்ஸ்கேப்ல படத்தத் தொட முடியாது. பூவோட ஒரு இதழ் ஓரம் அரை மில்லி உள்ள வந்தாப் போதும்னு சிமுலேஷன்ல கண்ணு முன்னால தெரியுது, கையில மவுஸ் இருக்குது, இழுக்க முடியாது. அப்ளை குடுத்து மூடோணும், கோட்டுல இருக்கற நோட் புள்ளிய இழுக்கோணும், மறுபடி எக்ஸ்டென்ஷன் மெனு, இங்க்ஸ்டிச், பேராம்ஸ், அது எல்லாத் தையலையும் திரும்பக் கணக்குப் போட்டுக் காட்டற வரைக்கும் உக்காந்திருக்கோணும். பெரிய டிசைன்னா இதுவே ஒரு அக்கப்போரு. காசு குடுத்து வாங்கற சாப்ட்வேர்ல கோட்ட இழுக்க இழுக்கத் தையலும் கூடவே நகருது, அத ஒருக்கா பாத்துட்டு வந்து இங்க உக்காந்தா ஆத்தாமையா இருக்குதுங்க. காரணம் எனக்குப் புரியாம இல்ல, இங்க்ஸ்டிச்சுங்கறது தனி சாப்ட்வேர் கிடையாது, இங்க்ஸ்கேப்போட ஒரு எக்ஸ்டென்ஷன், படத்தோட ஒரு காப்பிய இங்க்ஸ்டிச் கையில குடுத்துட்டு அது முடிச்சுத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் இங்க்ஸ்கேப் காத்திருக்கும், அமைப்பே அப்படி. பேராம்சுக்கு ஒரு ஷார்ட்கட் கீ வெச்சுக்கிட்டா மெனுவுல தேடற வேலை மட்டும் மிச்சம்.

அதே பேராம்ஸ்ல போடற எண்ணெல்லாம் எங்க போய் உக்காருதுன்னு பாத்தப்பத்தான் எனக்கு இந்த சாப்ட்வேர் மேல பிரியமே வந்துச்சு. இங்க்ஸ்கேப் சேமிக்கறது எஸ்விஜி ஃபைல், இணையத் தரங்கள வகுக்கற டபிள்யூ3சி அமைப்பு 2001லயே வெளியிட்ட பொதுத் தரம், எழுத்தா எழுதி வெச்ச ஃபைல். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து பாருங்க, ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்துலயே நாம போட்ட இடைவெளி, கோணம், அடித்தையல் எல்லாம் மனுசன் படிக்கற மாதிரி எழுதியிருக்கும். இண்டர்லாக் துணிக்குன்னு போட்ட ஒரு லோகோ, சின்னப் பையன் சைஸ்ல இருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் தனித்தனி ஃபைல், கடைசி நேரத்துல சிங்கிள் ஜெர்சிங்கற மெல்லிசுத் துணிக்கு மாத்திட்டாங்க. சிங்கிள் ஜெர்சி இழுக்கும், தையல் அதே நெருக்கத்துல விழுந்தா துணி சுருங்கிப்போகும், அதனால தையல் இடைவெளி 0.25 மில்லிங்கற எடத்துல எல்லாம் 0.3ன்னு ஆகோணும். கட்டளை அடிக்கற டெர்மினல்ல ஒரே ஒரு வரி, ஃபோல்டர்ல இருந்த அத்தன ஃபைலும் மாறிப்போச்சு. அப்பறம் திறந்து ஒரு பார்வை பாத்துட்டு மெஷின் படிக்கற டிஎஸ்டி ஃபைலா எடுத்து அனுப்பினேன். லட்சக்கணக்குல குடுத்து வாங்குன சாப்ட்வேர்ல வேலை செய்யற கூட்டாளிகிட்ட இதச் சொன்னா நம்பவே இல்லைங்க, அவன் ஒவ்வொரு ஃபைலாத் திறந்துதான் மாத்தறானாம்.

தமிழ் எழுத்து விசயமும் சொல்லோணும். பங்குனி மாசம் பண்ணாரி அம்மன் குண்டத்துக்கு டி-ஷர்ட் ஆர்டர் வரும், பாக்கெட் மேல "பண்ணாரி அம்மன் துணை". தமிழ்99 கீபோர்டுல நேரா இங்க்ஸ்கேப்லயே அடிக்கலாம், கொம்பும் காலும் எடம் மாறாது, பழைய ஃபாண்ட் கன்வெர்ட்டர் ஒன்னும் வேண்டாம். ஆனா தையல்னு வர்றப்ப தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்குது, புள்ளி. அந்த ஒரு வரியில மூணு புள்ளி, ண், ம், ன். சின்ன எழுத்துல புள்ளி ஒரு மில்லி கூட வராது, ஒவ்வொரு புள்ளிக்கும் மெஷின் நூல அறுத்து, தாவி, குத்தி, மறுபடி அறுத்துப் போகும். ஆறு தலையிலயும் இது நடக்கோணும், எங்கியாவது ஒரு தலையில நூல் அறுந்தா எல்லாமே நிக்கும். நான் பண்றது என்னன்னா, எழுத்த பாத் (வெறும் கோட்டு உருவம்) ஆக்கி, சாட்டின் காலமா (ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல மாறி மாறி விழற தையல் பட்டை) பிரிச்சு, தைக்கற வழிய தானா போட ஆட்டோ ரூட் குடுத்து, எழுத்தோட கடைசித் தையல் புள்ளிக்கு நேர் கீழ மேல்கோட்டுல வந்து முடியற மாதிரி வரிசைய வெச்சுக்குவேன், அங்கிருந்து புள்ளிக்கு நூல அறுக்காம ஒரு சின்னத் தாவல், அவ்வளவுதான், நூல் கண்ணுக்கே தெரியாது. வெளில பஞ்சிங் குடுத்து வாங்குன பழைய தமிழ் டிசைன்கள்ல புள்ளி எல்லாத்தையும் கடைசியா மொத்தமாப் போட்டு வெச்சிருப்பாங்க, துணி நகந்து புள்ளி பக்கத்து எழுத்து தலையில போய் உக்காந்திருக்கும். சாமி பேர அப்படித் தைக்க மனசு வரலீங்க.

இன்னொரு கோவம் இருக்குது, இது இங்க்ஸ்டிச் மேல இல்ல. பையிங் ஆபீஸ்ல இருந்து டிசைன் வரும், வேற கம்பெனி சாப்ட்வேரோட பூட்டுன ஃபைலா வரும், இங்க திறக்காது. டிஎஸ்டியா அனுப்புங்கன்னு கெஞ்சி வாங்கினா, டிஎஸ்டில ஊசி எங்க குத்தோணுங்கறது மட்டுந்தான் இருக்கும், ஒரு தையலுக்கு 3 பைட், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12.1 மில்லி நகர்வு, உருவமும் கிடையாது கலரும் கிடையாது, கலர் மாறற எடத்துல நிறுத்துன்னு ஒரு குறிப்பு மட்டும். அத வெச்சு சைஸ் மாத்துனா நெருக்கம் கெட்டுப்போகும், திரும்ப மொதல்ல இருந்து பஞ்சிங் போடறேன். வரைஞ்சது ஒருத்தரு, காசு குடுத்தது ஒருத்தரு, அத திறக்கற சாவி மூணாவது ஆள் கையில, இது எந்த ஊரு நாயம்? பக்கத்து வீதில ஒரு யூனிட்ல டாங்கிள் (சாப்ட்வேர் ஓடறதுக்கு கம்ப்யூட்டர்ல சொருகி வெக்கற பூட்டுச் சாவி) பழுதாகி, சொந்த டிசைனையே திறக்க முடியாம ஆர்டர வெளில குடுத்தாங்க. ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1983ல குனூங்கற ஃப்ரீ சாப்ட்வேர் திட்டத்த அறிவிச்சதுக்குப் பின்னால ஒரு பிரிண்டர் கதை இருக்குது, ஆய்வகத்துல அடிக்கடி பேப்பர் சிக்கற பிரிண்டர், சரிபண்ண சோர்ஸ் கோடு கேட்டாரு, தரமாட்டேன்னுட்டாங்க. அந்தக் கோவம் எம்ப்ராய்டரி யூனிட் வெச்சிருக்கறவனுக்கு நல்லாவே புரியும்.

அண்ணன் இன்னொன்னும் கேட்டாரு, ஃப்ரீன்னா கம்பெனி வேலைக்கு யூஸ் பண்ணலாமா, ரெய்டு கிய்டு வருமான்னு. தாராளமாப் பண்ணலாம். இங்க்ஸ்டிச்சுக்கு இருக்கற ஜிபிஎல்ங்கற லைசன்ஸ்ல எந்த வேலைக்கு ஓட்டறோங்கறதுக்குக் கட்டுப்பாடே கிடையாது, எத்தன கம்ப்யூட்டர்ல வேணா ஏத்தலாம். ரெய்டுக்குப் பயப்பட வேண்டியது பென்டிரைவ்ல கிராக் வாங்கி ஓட்டறவங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் நின்னுபோச்சு, பழைய கம்ப்யூட்டர தூக்கிப் போடறதுக்கு முன்னால மின்ட் போட்டுப் பாருங்க, மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும்.

இவ்வளவும் சொல்லிட்டு அண்ணன்கிட்ட நான் என்ன சொன்னேன்னா, காசு இருந்தா அந்த சாப்ட்வேர வாங்கிருங்கண்ணா. அவருக்கு தெனமும் புது சாம்பிள், பத்து நிமிசத்துல மாத்திக் குடுன்னு மேல நிப்பாங்க, வர்ற ஃபைலெல்லாம் பூட்டுன ஃபைலு, பேராம்ஸ திறந்து மூடி திறந்து மூடி ஆறு தலையும் சும்மா நின்னா கட்டுப்படியாகாது. இன்னிக்கு இருக்கற கடுப்புல இதத்தான் சொல்ல வருது. நான் மாறப் போறதில்ல, என்ற டிசைன் அத்தனையும் நான் படிக்கற எழுத்துல என்ற ஹார்டு டிஸ்க்குல இருக்குது, அத எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்.

வாங்கறதுக்கு முன்னால ஞாயித்துக்கெழம ஒரு எட்டு வாங்கண்ணா, உங்க லேப்டாப்புலயே போட்டுத் தர்றேன், ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம். வர்றப்ப மெஷின் மாடல் நம்பர போட்டோ எடுத்துட்டு வாங்க, எந்த ஃபார்மேட் எடுக்குதுன்னு பாக்கோணும். பழைய மெஷினா இருந்தா ஃபைல் பேரு எட்டு எழுத்துக்குள்ள இருக்கோணும், அதுக்கு மேல போனா சிலதுல காட்டவே காட்டாது.