லோரி விற்பனையில் ‘48 வோல்ட்’ டிரில் செட்: காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கும் சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. சம்பளம் போட்ட வாரக் கடைசியில் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) முனையில் ஒரு லோரி வந்து நிற்கும். பின்கதவை இறக்கி, மடக்கு மேசை போட்டு, ஒலிபெருக்கியில் மூன்று மொழியிலும் கூவுவார்கள். கிடங்கைக் காலி செய்கிறார்களாம், இன்று மட்டும்தானாம். டிரில், கிரைண்டர், ஒரு கைக்குள் அடங்கும் குட்டிச் செயின்சா, ஸ்பேனர் பெட்டி எல்லாம் பச்சையும் மஞ்சளுமாக அடுக்கியிருக்கும். நிறத்தைப் பார்த்தால் பெரிய பிராண்டு போலத் தெரியும். கிட்டப் போய்ப் பெயரைப் படித்தால் ஓர் எழுத்து மாறியிருக்கும். போன மாதமும் இதே கதைதான், அடுத்த மாதமும் வருவார்கள்.

நான் வீட்டுக்குப் பின்னால் சிங்க் கூரை போட்டுச் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். செம்பனைப் பழம் தள்ளுகிற வீல்பேரோவுக்கு உடைந்த காலை ஒட்டிக் கொடுப்பது, கேட்டுக்குக் கீல் மாற்றுவது, தைப்பூசம் நெருங்கினால் காவடிச் சட்டம் அடிப்பது, இவ்வளவுதான் வேலை. ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்கிற பையன்கள் கடைசி நேரத்தில்தான் வந்து நிற்பார்கள், “மாமா, தோள்பட்டையில இடிக்குது, கொஞ்சம் வெட்டிக் கொடுங்க” என்று. கோயில் வாசலிலேயே வைத்து வெட்டி, துளை போட வயர் இல்லாத செட் ஒன்று இருந்தால் வசதி. அதனால்தான் லோரியிடம் போனேன்.

“அண்ணே, 48 வோல்ட்டுண்ணே, பிரஷ்லெஸ். கடையில 18 வோல்ட்டுக்கே ஐந்நூறு கேப்பாங்க” என்றான் விற்ற பையன். பிரஷ்லெஸ் என்றால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் இல்லாதது. பெட்டியில் 899 வெள்ளி (ரிங்கிட்) என்று அச்சடித்து அதன்மேல் சிவப்புக் கோடு. கீழே 199. டிரில், கிரைண்டர், இரண்டு பேட்டரி, சார்ஜர், இனாமாக ஒரு சாக்கெட் பெட்டி. உத்தரவாதம் கேட்டேன். “ஒரு வருசம்ணே. ரசீதுல நம்பர் இருக்கு, வாட்ஸ்அப் பண்ணுங்க, ஆள் வந்து மாத்திக் கொடுப்பாங்க.” டிரில்லை என் கையில் கொடுத்து ஒரு மென்பலகையில் துளை போடச் சொன்னான். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மென்பலகையில் எந்த டிரில்தான் இறங்காது?

வீட்டில் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் வைத்தபோதுதான் சங்கதி தெரிந்தது. பாதித் துளையில் முனகி நின்றுவிட்டது. பேட்டரியில் நான்கு விளக்கும் எரிகின்றன, மோட்டாருக்கு மூச்சில்லை. மீண்டும் சார்ஜ் ஏற்றினேன். மீண்டும் அதே முனகல். கிரைண்டர் இன்னும் மோசம், அழுத்திப் பிடித்தாலே சுற்று குறைகிறது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். முழுதாக ஏறிய பேட்டரி 20.6 வோல்ட் காட்டியது. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 48. பேட்டரியின் நான்கு திருகையும் கழற்றித் திறந்தேன். பத்து செல் வைக்க இடம் இருக்கிறது, ஐந்துதான் இருக்கிறது. மீதி ஐந்து குழியில் மஞ்சள் நிற ஃபோம் துண்டு அடைத்து வைத்திருக்கிறார்கள், ஆட்டினால் சத்தம் வராமல் இருப்பதற்கு. செல்களின் மேல் உறையில் எந்தத் தயாரிப்பாளர் பெயரும் இல்லை. இரண்டு செல்லின் நெகிழி உறை ஏற்கெனவே கிழிந்து, பழைய வெல்டிங் தடம் தெரிந்தது. எங்கோ பழைய லேப்டாப்பிலோ வேறெதிலோ உழைத்து ஓய்ந்த செல்களைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். செல்களைச் சமமாக ஏற்றிக் காக்க வேண்டிய பிஎம்எஸ் போர்டு இருக்க வேண்டிய இடத்தில், விளக்கு எரிய வைக்கிற ஒரு துண்டு போர்டு மட்டும்.

இந்தக் கணக்கை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஏமாற்று முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஒரு லித்தியம் செல்லுக்கு 3.6 வோல்ட். முழுதாக ஏறினால் 4.2. ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், ஏற்றி முடித்தவுடன் 21. அதனால்தான் ஒரே பேட்டரியை ஒரு கம்பெனி 18 என்றும், இன்னொரு கம்பெனி 20 என்றும், மலிவுக்காரன் 21 என்றும் எழுதுகிறான். அதுவரை குற்றமில்லை. 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 செல் வரிசையாக வேண்டும். 88, 128 என்று எழுதியிருப்பதையும் அந்த மேசையில் பார்த்தேன். உள்ளங்கை அளவு பேட்டரிக்குள் அத்தனை செல்லை நுழைக்க முடியாது. ஸ்டிக்கரில் வோல்ட் எண்ணுக்குப் பின்னால் கூடுதலாக ஓர் எழுத்து இருந்தால் இன்னும் கவனம். அது வோல்ட்டே இல்லை, வெறும் மாடல் பெயர் என்று பின்னால் தப்பிக்கிற வழி.

கொள்ளளவும் அப்படித்தான். இந்த அளவு (18650) செல்லில் மிக நல்ல தயாரிப்பே 3.5 ஆம்பியர்-மணி (Ah) பக்கம்தான் வரும். இதே அளவு செல் ஐந்து வைத்த பேட்டரியில் அதைவிட மிக அதிகமாக எழுதியிருந்தால் பொய். என் ஸ்டிக்கரில் 15000 (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 15 ஆம்பியர்-மணி) என்று இருந்தது. செல் ஒன்றின் எடை ஏறக்குறைய 45 கிராம். பத்து செல் உள்ள பேட்டரியில் செல் மட்டுமே 450 கிராம் இருக்க வேண்டும், பெட்டியோடு அரைக் கிலோவைத் தாண்டும். பெரிய உருவத்தில் இருந்துகொண்டு கையில் லேசாக இருந்தால் உள்ளே காற்று என்று அர்த்தம். பாசார் மாலாமிலேயே வெங்காயத் தராசு இருக்கிறது, கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள்.

பிரஷ்லெஸ் என்று சொன்னதையும் பார்த்துவிட்டேன். இருட்டில் டிரில்லை ஓட்டி, பின்பக்கக் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். நீலப் பொறி தெறித்தால் உள்ளே கார்பன் பிரஷ் இருக்கிறது. என்னுடையதில் தீபாவளி. பிரஷ் மோட்டார் ஒன்றும் கெட்ட பொருள் இல்லை, என் பழைய வயர் டிரில் பிரஷ் மோட்டார்தான், இன்னும் ஓடுகிறது. அதைப் பிரஷ்லெஸ் என்று சொல்லி விற்பதுதான் திருட்டு.

இதெல்லாம் காசு போன கதை. கிரைண்டரோடு கொடுத்த டிஸ்க், உயிர் போகிற கதை.

நாலு அங்குல கிரைண்டர், கரண்டில் ஓடுவது, நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். அந்த வேகத்தில் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நெடுஞ்சாலையில் 110ஐத் தாண்டினால் நமக்குச் சம்மன். ஒழுங்கான கட்டிங் டிஸ்க்கில் இதற்கு ஏற்ற எண் அச்சடித்திருக்கும். நாலு அங்குலத்துக்கு விநாடிக்கு 80 மீட்டர், நிமிடத்துக்கு 15,300 சுற்று என்று. நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும், அது காலாவதித் தேதி. பசையால் இறுகிய பொருள் என்பதால் டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு, தயாரித்து மூன்று வருடம். நம் ஊரில் ஈரத்தில் கிடந்தால் அதுவரைகூட நம்ப முடியாது. லோரி செட்டில் வந்த பத்து டிஸ்க்கில் ஒன்றில்கூட சுற்று எண் இல்லை, தேதி இல்லை. ஒரு சிங்கத்தின் படம் மட்டும் இருந்தது.

அந்தக் கிரைண்டர்தான் சுற்றவே மாட்டேன் என்கிறதே என்று, டிஸ்க்கை மட்டும் கழற்றி என் கரண்டு கிரைண்டரில் போட்டு ஓர் ஆங்கிள் இரும்பை நேராக வெட்டினேன். கோணவும் இல்லை, இடறவும் இல்லை. பாதி வெட்டில் பட்டென்று சத்தம். டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை. பார்த்தால் பின்னால் சாத்தி வைத்திருந்த பிளைவுட்டில் செருகிக்கொண்டு நிற்கிறது. பிடுங்க குறடு வேண்டியிருந்தது. கார்டு (டிஸ்க்கை மறைக்கும் தடுப்புத் தகடு) போட்டிருந்தேன், முகக் கவசமும் போட்டிருந்தேன், அதனால் இதை எழுதுகிறேன். லோரி கிரைண்டரில் இருக்கிற கார்டு என்ன தெரியுமா? மில்க் டின் கனத்தில் ஒரு தகடு, ஒரே ஒரு திருகு.

அதே பெட்டியில் மரம் அறுப்பதற்கென்று பல் வைத்த டிஸ்க் ஒன்றும் இருந்தது, கிரைண்டரில் மாட்டுவதற்கு. தோட்டத்தில் நிறையப் பேர் இதைப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். பல் மரத்தில் கடித்துக்கொண்டால் கிரைண்டர் கையிலிருந்து எகிறும், எகிறுவது பிடித்திருப்பவரின் கழுத்துப் பக்கம். கிரைண்டர் தயாரிப்பவர்களே வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இனாமாகக் கொடுத்தாலும் குப்பையில் போடுங்கள்.

சார்ஜரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு உருண்டைக் கம்பி பிளக். நம் சுவரில் நுழையாது என்று ஒரு கன்வெர்ட்டர் கொடுத்தார்கள். கன்வெர்ட்டர் தொலைந்தால் நம் ஆட்கள் பேனா மூடியை மேல் துளையில் விட்டு இரண்டு கம்பியை நுழைத்துவிடுவார்கள், அதுவும் தெரிந்ததுதான். ஒழுங்கான 13 ஆம்பியர் மூன்று முனை பிளக்கின் உள்ளே ஃபியூஸ் இருக்கும். இந்தக் கன்வெர்ட்டரைத் திறந்தேன், ஃபியூஸ் இடத்தில் ஒரு செம்புத் தகடு. சார்ஜர், பிளக் போன்றவற்றுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். சிரிம் (தரச் சான்று நிறுவனம்) சின்னம் போட்ட ஒட்டுமுத்திரை இருக்கும், அதில் வரிசை எண் இருக்கும். என் சார்ஜரில் எதுவும் இல்லை. பிஎம்எஸ் இல்லாத பழைய செல்லை, ஃபியூஸ் இல்லாத பிளக்கில், ராத்திரி முழுக்கச் செருகிவிட்டுத் தூங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பலகை வீடுகளில் இருப்பவர்கள் இந்த ஒரு பத்தியையாவது வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

இனாம் சாக்கெட் பெட்டி? குரோம் வனேடியம் (உறுதியான எஃகு வகை) என்று ஒவ்வொன்றிலும் எழுத்து. கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்சக்கர நட்டில் 19 மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டு மிதித்தேன், வாய் பிளந்துவிட்டது.

வாட்ஸ்அப் எண்ணுக்குப் படங்கள் அனுப்பினேன். முதலில் “ஓகே பாஸ், செக் பண்றோம்” என்று வந்தது. பிறகு பேட்டரியை நான் திறந்துவிட்டதால் உத்தரவாதம் இல்லை என்றார்கள். திறக்காத இரண்டாவது பேட்டரி இருக்கிறதே, அதை மாற்றுங்கள் என்றேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அதன் பின் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். ரசீது என்று கொடுத்தது கடையில் கிடைக்கும் கார்பன் தாள் புத்தகத்தில் கிறுக்கிய சீட்டு. மேலே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் முத்திரை.

அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கிற பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், தரமாக இருக்க வேண்டும். விற்பவர் சீட்டில் என்ன எழுதினாலும் அந்தப் பொறுப்பு போகாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இணையத்திலும் போடலாம். 48 என்று எழுதி 18ஐ விற்றது பொய் விவரிப்பு. அதை உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவில் தனியாகப் புகார் செய்யலாம், செய்துவிட்டேன். அமைச்சில் மலாயில் எழுதத் தயங்குபவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதுங்கள், அவர்களிடம் தமிழிலேயே பேசலாம்.

லோரிக்காரர்கள் இதையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அதனால்தான் ரசீதில் கம்பெனிப் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, முகவரி இல்லை. மனு போடுவதென்றால் யார்மேல் போடுவது? பேட்டரியைவிட இந்தச் சீட்டைத்தான் அங்கேயே நின்று முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று என் மச்சான் சொல்கிறார். சரிதான். ஆனால் பேட்டரி இருக்கிற லட்சணத்துக்கு இரண்டையும் பாருங்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: எப்போதாவது வீட்டு வேலை செய்பவர் என்றால் வயர் வைத்த டிரில்லே போதும். அதே 199 வெள்ளிக்குள் நகரத்து ஹார்ட்வேர் கடையில் பெயருள்ள டிரில் கிடைக்கும், கெட்டால் தவுக்கே (கடை முதலாளி) முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். வயரில்லாதது வேண்டியே தீரும் என்றால் பெரிய பிராண்டின் பழைய டிரில்லை வாங்கி, பேட்டரியை மட்டும் புதிதாகப் போடுங்கள். மலிவு எல்லாமே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். அந்த லோரியிலேயே வாங்கிய ஜி-கிளாம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. சுற்றாத, கரண்டு ஓடாத சாமானில் துணிந்து பேரம் பேசலாம். டிஸ்க்கை மட்டும் எந்த மலிவு மேசையிலும் தொடாதீர்கள்.

இதே செட்டை இந்தப் பக்கம் நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரியும், அன்று என் முன்னாலேயே பல பெட்டிகள் போயின. யாருக்காவது கம்பெனிப் பெயரோ பதிவு எண்ணோ உள்ள சீட்டு கிடைத்திருந்தால், அல்லது லோரியின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்திருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். நடுவர் மன்ற மனுவை எழுதி வைத்துவிட்டேன், எதிர்த்தரப்பின் முகவரி என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.