உலான்பாத்தருக்குப் போன 89 வெள்ளி ரைஸ் குக்கர்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைவீதியில் உள்ள ஒரு மின்சாதனக் கடையில் இந்த ரைஸ் குக்கரை 89 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். 1.8 லிட்டர், கண்ணாடி மூடி, மேலே வைத்து அவிப்பதற்கு ஒரு துளைத் தட்டு, ஒரே ஒரு விசை. குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

"எத்தனை பேருக்கு?" என்று கடை முதலாளியான தவுக்கே கேட்டார். எனக்கு மட்டும்தான் என்றேன். உடனே 0.6 லிட்டர் பானை ஒன்றை எடுத்து நீட்டினார். கூட வந்திருந்த அம்மா அதைத் தொடக்கூட விடவில்லை. "ஒருத்திக்கு மட்டும் சோறாக்கும் சட்டி நம் வீட்டில் என்றைக்கு இருந்தது?" என்றார். கடைக்காரர் முன் வாதாட விருப்பமில்லாமல் பெரியதையே வாங்கினேன்.

மங்கோலியாவில் இரண்டு ஆண்டுகள் கல்லூரி மாணவர்களிடையே கிறிஸ்தவ ஊழியம் செய்யப் போனபோது, பெட்டியில் பாதி வேதபாடக் குறிப்புகள், மீதி நெத்திலியும் மசாலைத்தூளும் இந்தக் குக்கரும். குறிப்புகளில் பெரும்பகுதியைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

முதல் வாரச் சோறு நடுவில் அரிசியாகவே நின்றது. பொருள் பழுது என்று நினைத்தேன். பழுது அதில் இல்லை. உள்பானையில் நீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. நீர் வற்றியதும் சூடு ஏறும், அடியில் உள்ள காந்தம் பிடியை விடும், விசை 'டக்' என்று எழும். மங்கோலியத் தலைநகரான உலான்பாத்தர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அரிசி வேகப் போதிய சூடு கிடைப்பதில்லை. அரை மணி நேரம் ஊறவைத்து, கால் கப் தண்ணீர் கூடுதலாக ஊற்றி, விசை எழுந்த பிறகும் பதினைந்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டால் சரியாகிவிடும். பெட்டியில் வரும் கப் 180 மில்லிதான். வீட்டுக் குவளையால் அளக்காதீர்கள். பத்துக் கப் அரிசி கொள்ளும் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். ஏழுக்கு மேல் போட்டால் கஞ்சி பொங்கி மேசையெல்லாம் வழியும்.

மின்னழுத்தம் நம்முடையதைப் போன்றதே, ஆனால் அங்கே இரண்டு உருண்டை முள் கொண்ட பிளக். நான் கொண்டுபோன மலிவான இணைப்பான் பத்தாம் நாளே சூடேறி இளகியது. மேல்மாடியில் தங்கியிருந்த பொறியியல் மாணவன் ஒருவன் நாற்றம் கேட்டு வந்து, மூன்று முள் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு உள்ளூர் பிளக்கைப் பொருத்தினான். கூலியாகச் சோறும் நெத்திலிச் சம்பலும் போட்டேன். கண்ணில் நீர் வழிய இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டான். மறுவாரம் இரண்டு நண்பர்களோடு வந்தான்.

அதுவரை நான் அறிவித்த வேதபாடத்துக்கு ஒருவர்கூட வந்திருக்கவில்லை.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஊழியம் ஐ.எஃப்.இ.எஸ் என்ற உலகளாவிய மாணவர் ஐக்கியத்தின் வழியில் நடப்பது. அது 1947இல் உருவானது. 1972 முதல் 1991 வரை அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் சிங்கப்பூர்க்காரரான சுவா வீ ஹியான். ஊழியம் என்றால் வெள்ளைக்காரர் கப்பலேறி வருவதுதான் என்று நினைத்த எங்கள் சபைப் பெரியவர்களிடம் அவர் பெயரைச் சொல்லித்தான் நான் விடைபெற்றேன். அந்தந்த நாட்டு மாணவர்களே தலைமை ஏற்க வேண்டும் என்பது அங்கே உறுதியான கொள்கை. கேட்க அழகான கொள்கைதான். ஆனால் கற்பிக்கும் கனவோடு போனவளுக்கு அங்கே நாற்காலி கிடையாது என்பது போன பிறகுதான் உறைத்தது. வேதபாடத்தை நடத்தியவள் இருபது வயது மாணவி, அதுவும் மங்கோலிய மொழியில். எனக்குப் பாதிதான் புரியும். மீதிப் பாதி நேரம் குக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) யார் வந்தாலும் முதலில் "பசியாறினீர்களா?" என்றுதானே கேட்போம்? மங்கோலிய மொழியில் நான் பிழையில்லாமல் கற்ற முதல் கேள்வியும் அதுதான்.

இதை ஊருக்கு எப்படி எழுதுவது? 1960இல் மலாயா இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படாமல் இருக்கப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர்கள் எங்கள் பாட்டி தலைமுறையினர். கொடுத்த காசுக்குக் கணக்கு கேட்கத் தெரிந்தவர்கள். என்னை அனுப்பிய காணிக்கையும் அப்படிச் சேர்ந்ததுதான். சபைக்கு எழுதிய முதல் ஜெபக் கடிதத்தில் "மாணவர்களோடு ஐக்கியம் கொண்டேன்" என்று பூசி மெழுகினேன். இரண்டாவதில் வெட்கத்தை விட்டு, "பெரும்பாலும் சோறாக்குகிறேன்" என்று எழுதினேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி போதகரிடம், "அங்கே அரிசி என்ன விலையாம்?" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த மாதம் அவருடைய காணிக்கை உறையின் மேல் 'அரிசிக்கு' என்று எழுதியிருந்ததாம்.

துளைத் தட்டுக்கு வருகிறேன். இட்டிலிக்கு உதவாது. பூஸ் என்று அங்கே ஆட்டிறைச்சி வைத்து ஒரு கொழுக்கட்டை செய்வார்கள். அது ஓர் ஈட்டுக்குப் பதினொன்று பிடிக்கும். சகான் சார் என்ற அவர்களுடைய புத்தாண்டை ஒட்டி, மாணவர்கள் என் அறையில் உட்கார்ந்து நூற்றுக்கு மேல் பிடித்தார்கள். பால்கனியே குளிர்பதனப் பெட்டி. நான் எழுந்தபோதெல்லாம் "எக்ச்சே, உட்காருங்கள்" என்று அமர்த்தினார்கள். எக்ச்சே என்றால் அக்கா. இரவு ஒரு மணிவரை விசை 'டக் டக்' என்று எழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தண்ணீர் ஊற்றினார்.

குறைகள்: உள்பானையின் கறுப்புப் பூச்சு எட்டே மாதத்தில் உரிந்தது. இரும்புக் கரண்டியால் சுரண்டியது எங்கள் தவறுதான்; ஆனாலும் எட்டு மாதம் மிகக் குறைவு. சூடாக வைக்கும் நிலையில் ஒரு மணி நேரம் விட்டால் அடிச்சோறு பொரிந்துவிடும். மூடியிலிருந்து நீர் சொட்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். 0.6 லிட்டர் மட்டும் வேண்டாம்.

திரும்பும்போது அதை அங்கேயே விட்டுவிட்டேன். அந்தப் பிளக் நம் வீட்டுச் சுவரில் பொருந்தாது. இப்போது சபையிலிருந்து இன்னொரு தங்கை போகவிருக்கிறாள். அவளுக்காக அதே அளவில் ஒன்று வாங்கினேன்; விலை 109 வெள்ளியாகிவிட்டது. போன மாதம் உலான்பாத்தரிலிருந்து ஒரு படம் வந்தது. பழைய குக்கரின் கண்ணாடி மூடி உடைந்துவிட்டதாம். ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து மூடியிருக்கிறார்கள். மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று தவுக்கேயிடம் கேட்டேன். கிடைக்காதாம், மாடல் மாறிவிட்டதாம்.